மழைக்கால அடுப்பும் கோடையின் சேமிப்பும்

ஐப்பசி பிறந்ததும் கோயம்பேட்டில் விலை ஏறத் தொடங்கும். வயலில் தண்ணீர் நின்றால் தக்காளி அழுகும். கீரைக்கட்டு சேறும் சகதியுமாக வந்து சேரும். சின்ன வெங்காயம் ஈரம் பட்டு முளைவிடும். கார்த்திகையில் முருங்கைக்காய் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விடும். பூத்த பூவெல்லாம் மழையில் உதிர்ந்துவிடுவதால் அந்த மாதங்களில் காய் வரத்து எப்போதுமே குறைவு.

மேற்கத்திய சமையல் இதழ்கள் பூசணியும் ஆப்பிளுமாக அறுவடை விருந்து பற்றி எழுதுவதும் இதே வாரங்களில்தான். அங்கே இலையுதிர்காலம் என்றால் களஞ்சியம் நிறையும் காலம். தமிழகத்தில் அப்போது காய்கறிக் கூடை காலி. இருந்தும் ஆண்டிலேயே அதிகமாகப் பலகாரம் செய்யப்படுவது புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகைப் பௌர்ணமி வரைக்குமான இந்த இரண்டு மாதங்களில்தான். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் சுண்டல். தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு, லேகியம். திருக்கார்த்திகைக்குப் பொரி உருண்டை, அப்பம், கொழுக்கட்டை. காய்கறி கிடைக்காத காலத்தில் இவ்வளவும் எப்படி முடிகிறது?

சேர்மானங்களை வரிசையாக எடுத்துவைத்துப் பார்த்தால் விடை தெரியும். கடலை, பயறு, மொச்சை, பச்சரிசி, உளுந்து, நெல், வெல்லம், கருப்பட்டி, சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், எள், நல்லெண்ணெய். தேங்காயையும் கறிவேப்பிலையையும் விட்டால், ஈரமான பொருள் அநேகமாக எதுவும் இல்லை. எல்லாம் மழைக்கு முந்தைய வெயிலில் காய்ந்தவை, அல்லது கோடையில் காய்ச்சி இறுக்கியவை. தமிழரின் மழைக்காலச் சமையல், வெயிலில் சேர்த்துவைத்ததைக் கொண்டு மழையைக் கடக்கும் சமையல். பண்டிகைப் பலகாரமும் அந்தக் கணக்குக்குள்தான் அடங்குகிறது.

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு பருவத்தில் விழுந்துவிடுகிறது. பத்துப்பாட்டில் உள்ள நெடுநல்வாடையில் நக்கீரர் இந்தக் காலத்து வீடுகளைக் காட்டுகிறார். குறுகிய வாயுள்ள கலத்தில் இருக்கும் குளிர்ந்த நீரை மக்கள் தொடுவதில்லை. அகன்ற வாயுள்ள தூபமூட்டியின் நெருப்பை நாடிப் போகிறார்கள். குளிர் வந்ததும் வீட்டின் மையம் நெருப்பிடத்துக்கு மாறிவிடுவதை அந்தப் பாட்டு அன்றே பதிந்துவைத்திருக்கிறது.

இந்தக் காலத்துக்கான ஏற்பாடு சித்திரையிலேயே தொடங்கிவிடும். மொட்டைமாடியில் விரித்த வேட்டியில் மணத்தக்காளியும் சுண்டைக்காயும் மோரில் ஊறிய மிளகாயும் காயும். அரிசிக்கூழ் வடகமாகும். சின்ன வெங்காயமும் உளுந்தும் சேர்த்து இடித்த தாளிப்பு வடகம் ஆமணக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவிய உருண்டைகளாகி ஜாடிக்குள் போகும். ஆறு மாதம் கழித்து, வெளியே போகவிடாமல் அடைமழை பெய்யும் ஒரு நாளில், அந்த ஜாடியைத் திறந்தால் குழம்புக்குக் காய் தேவைப்படாது. வற்றல் குழம்பு, மிளகு குழம்பு, பூண்டுக் குழம்பு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம் என்று ஒரு வாரத்தைச் சந்தைக்குப் போகாமலே ஓட்டிவிடலாம். வற்றல் குழம்பைக் கோடையின் உணவாகப் பலர் நினைக்கிறார்கள். அது கோடையில் தயாராவது உண்மை. அதன் அருமை தெரிவது மழையில்தான்.

யாழ்ப்பாணத்துக்கும் இதே பருவமழைதான், இதே கணக்குத்தான். பனங்கிழங்கைக் கீறிக் காயவைத்த ஒடியலை மாவாக்கி, புளியும் மிளகாயும் கரைத்து, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழ் மாரிக்குளிருக்குத் தோதான உணவு. ஒரு பெரிய பானையில் காய்ச்சி, வீடே சுற்றி உட்கார்ந்து குடிப்பது வழக்கம்.

பருவத்தின் முதல் பலகாரம் சுண்டல். ஆடிப்பட்டத்தில் விதைத்த பச்சைப்பயறும் உளுந்தும் 65 முதல் 75 நாளில் விளைந்துவிடும். தட்டைப்பயறு அதற்குச் சற்றுப் பின்னால் வரும். ஆடி நடுவில் தூவிய விதை புரட்டாசி முடியும் முன்னே வீட்டுக்கு வந்துவிடுகிறது. நிலக்கடலை 105 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்வதால் ஐப்பசியில்தான் பிடுங்குவார்கள். அந்த மாதங்களில் பேருந்து நிலையங்களில் அவித்த கடலையின் வாசனை எழுவது அதனால்தான். கொண்டைக்கடலை மட்டும் பனிக்காலப் பயிர். மாசி வாக்கில் அறுத்துக் காயவைத்தது. ஆக, ஒன்பது நாள் சுண்டலில் புது விளைச்சலும் பழைய சேமிப்பும் மாறி மாறி வருகின்றன.

கொலு வீடுகளில் சுண்டலுக்குச் செலவாகும் கவனம் வெளியே தெரிவதில்லை. எந்த நாளுக்கு எந்தப் பயறு என்று முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். 100 கிராம் கொண்டைக்கடலை வெந்தபின் இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும். அளவு தெரியாமல் போட்டுவிட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தும் தீராமல் தவித்த வீடுகள் உண்டு. எட்டு மணி நேரம் ஊறியும் சில கடலை வேகாமல் கல்லாக நிற்கும். சமைப்பவரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு வேகும் தன்மையை இழந்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் தோலை மேலும் இறுக்கும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் கடலை குழைவாக வெந்துவிடும். ஆனால் காரத்தன்மை ஏறினால் பயறில் இருக்கும் தயாமின் என்ற பி1 வைட்டமின் அழிந்துபோகும். ஊறவைக்கும் தண்ணீரிலேயே கொஞ்சம் சாதா உப்பைக் கரைத்துவிடுவது அதைவிட நல்ல வழி. தோல் இளகும், வைட்டமினும் சேதமாகாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால், வாயுத் தொல்லைக்குக் காரணமான சிலவகைச் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் போய்விடும். ராஜ்மா வைக்கும் வீடுகள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். வேகாத ராஜ்மாவில் உள்ள நச்சுப்புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும்.

சத்துக்கணக்கிலும் சுண்டல் வெறும் பிரசாதம் இல்லை. காய்ந்த பயறில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் புரதம். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் பயறில் தாராளமாக இருக்கிறது. பயறில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. மூன்று வேளையும் அரிசி சாப்பிடும் வீட்டுக்கு, ஒன்பது நாள் தொடர்ந்து ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு பயறு கிடைக்கும் ஏற்பாடு ஆண்டில் வேறு எப்போதும் இல்லை. அந்த ஒன்பது நாளோடு அது நின்றுபோவதுதான் வருத்தம்.

சரஸ்வதி பூசை முடிந்து அடுத்த அமாவாசை நெருங்கும்போது வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறும். முறுக்கும் தட்டையும் எளிதாகக் கைவந்துவிடும். அதிரசம் அப்படி வராது. விஜயநகர காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் இறைவனுக்குப் படைக்கும் பணியாரங்களில் ஒன்றாக அதிரசப்படி குறிக்கப்பட்டிருக்கிறது. ஐந்நூறு ஆண்டாகியும் அதன் நுட்பம் பெரிதாக மாறவில்லை.

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணிமேல் பரப்பி, தொட்டால் கையில் ஒட்டாமல் குளிர்ச்சியாக மட்டும் தெரியும் நிலையில் இடிக்க வேண்டும். முழுதாகக் காய்ந்த மாவு பாகை உறிஞ்சி விறைத்துவிடும். ஈரம் மிஞ்சினால் எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்துபோகும். பாகுக்கும் இதே கண்டிப்பு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் மென்மையான உருண்டையாக வர வேண்டும். வெப்பமானி வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 115 டிகிரி செல்சியஸ். ஐந்து டிகிரி கூடினால் பல் உடைக்கும் அதிரசம்தான் கிடைக்கும். மாவைப் பாகில் கிளறி, ஏலமும் சுக்கும் சேர்த்து, மூடி இரண்டு மூன்று நாள் வைத்தால் வெல்லத்தின் ஈரம் மாவுக்குள் சீராகப் பரவும். பிறகு மிதமான சூட்டில் பொரித்து, இரண்டு தட்டைக்கரண்டிகளுக்கு நடுவில் அழுத்தி எண்ணெயை வடிக்க வேண்டும். பயன்படுவது நான்கைந்து பொருள்தான். எல்லாமே கைப்பக்குவத்தில் இருக்கிறது. இதைப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது கடினம்.

தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவுடன் முதலில் வாயில் போடுவது இனிப்பு அல்ல, லேகியம். நாட்டு மருந்துக் கடையில் தீபாவளிக்கு முந்தைய வாரம் ‘லேகியச் சாமான்’ என்று கேட்டாலே பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா எல்லாம் அதில் இருக்கும். வறுத்துப் பொடித்தோ ஊறவைத்து அரைத்தோ, வெல்லப்பாகில் சேர்த்து, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுச் சட்டியில் ஒட்டாமல் சுருளும்வரை கிளறுவார்கள். இறக்கி ஆறியபின் தேன். இரண்டு நாள் எண்ணெய்ப் பலகாரமும், பல வீடுகளில் இட்லியோடு கறிக்குழம்பும் வயிற்றுக்குள் போகப்போவதை முன்கூட்டியே எண்ணிச் செய்த ஏற்பாடு இது.

இதில் உள்ள காரம் எதுவும் மிளகாயின் காரம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் தமிழ்ச் சமையலின் காரம் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். மழைக்காலத்து உணவுகள் பலவற்றில் அந்தப் பழைய அடுக்கு கலையாமல் நிற்கிறது. மிளகு ரசம், மிளகு குழம்பு, கண்டந்திப்பிலி ரசம், அங்காயப் பொடி, லேகியம் எல்லாம் மிளகாயின் தயவில்லாமல் நிற்பவை. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை டென்மார்க் அறிவியலாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் 1819-இல் பிரித்தெடுத்தார். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சளின் குர்குமினோடு சிறிதளவு பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது குர்குமின் உடலில் சேரும் அளவு பல மடங்கு உயர்ந்தது. பங்கேற்றவர்கள் சிலரே என்றாலும், மஞ்சளும் மிளகும் ஒன்றாகக் கொதிக்கும் குழம்பு வைக்கும் சமூகத்துக்கு அது அக்கறையான செய்தி. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் நீரிழந்து ஷோகாலாக மாறுகிறது. அது இன்னும் காரமானது. பச்சை இஞ்சியைவிடச் சுக்கு தொண்டையில் கூடுதலாக எரிவது இதனால்தான். இதை வைத்துக்கொண்டு லேகியம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்வது மிகை. மந்தமான வயிற்றுக்கும் குளிர்ந்த உடம்புக்கும் இதமாக இருக்கிறது என்பதே போதுமான பெருமை.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே அளவு லேகியமும் கூடாது. பெரியவர்களுக்கு ஒரு நெல்லிக்காயளவு, பிள்ளைகளுக்குச் சுண்டைக்காயளவு என்று பாட்டிமார் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் சிசுக்களின் குடலில் முளைத்துக் கடுமையான நஞ்சைச் சுரக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கடலையும் நிலக்கடலையும் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு, சுண்டலை மசித்துக் கொடுப்பதே சரி. சர்க்கரை நோய் உள்ள தாத்தாவுக்கு வெல்லமும் சர்க்கரைதான், கருப்பட்டியும் சர்க்கரைதான். ‘நாட்டு இனிப்பு’ என்ற பெயர் ரத்தத்துக்குத் தெரியாது.

சேமிப்புக்கு வெளியே, மழையே கொண்டுவந்து தரும் உணவும் கொஞ்சம் உண்டு. அதை நகரம் அநேகமாக மறந்துவிட்டது. முதல் மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் பிடித்து, இறகு நீக்கி வறுத்து, பொரியும் கடலையும் கலந்து தின்பது பல கிராமங்களில் இன்றும் பிள்ளைகளின் கொண்டாட்டம். கொழுப்பும் புரதமும் நிறைந்த தீனி அது. இடி இடித்த மறுநாள் புற்றருகே முளைக்கும் காளானைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. நல்லதும் நஞ்சும் பிரித்தறியத் தெரிந்தவர் கூட வராமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது. வேலியில் தூதுவளையும் முடக்கத்தானும் கொடி வீசும். தூதுவளைத் துவையல், முடக்கத்தான் தோசை, கொள்ளு ரசம், வயல் நண்டு ரசம் என்று சளி பிடித்த வீட்டில் அடுப்பு அணையாது. கொங்கு வீடுகளில் கொள்ளுப் பருப்பைக் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடாமல் ஒரு மழைக்காலம் கழியாது.

கார்த்திகைக்கு வரும்போது பலகாரம் எளிமையாகிவிடுகிறது. எண்ணெய்க்குச் செலவழித்த கை ஓய்ந்து, பொரிக்கும் ஆவிக்கும் திரும்புகிறது. நெல்பொரி செய்பவர்கள் நெல்லைப் பதமாக நனைத்து உலர்த்தி, கொதிக்கும் மணலில் போட்டு வறுக்கிறார்கள். மணியில் இருக்கும் சிறிதளவு ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் உமிக்குள் அழுத்தம் ஏறி, ஒரு கணத்தில் வெடித்து மலர்கிறது. நெல் அளவுக்கு மீறிக் காய்ந்துபோனாலும் பொரியாது, நனைந்துபோனாலும் பொரியாது. அந்தப் பொரியை உருண்டை பிடிக்க அதிரசப் பாகு போதாது. பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்த உருண்டையைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். காரணம் மழைதான். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுக்கும். இளம்பாகில் பிடித்த உருண்டை கார்த்திகைக் காற்றில் ஒரே இரவில் பிசுபிசுத்துச் சரிந்துவிடும்.

தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கார்த்திகை என்றால் ஓலைக் கொழுக்கட்டை. அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், வறுத்த பாசிப்பருப்பு, ஏலம், சுக்கு எல்லாம் பிசைந்து, பனங்குருத்தோலையின் மடிப்புக்குள் அடைத்துக் கட்டி ஆவியில் வேகவைப்பார்கள். ஓலையின் மணம் மாவில் இறங்கும். உள்ளே இருக்கும் கருப்பட்டி பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுத்தது. இந்தப் பகுதி உடன்குடிக் கருப்பட்டிக்குப் பெயர்போனது. அன்று இரவே கோயில் வாசலில் கொளுத்தும் சொக்கப்பனையும் பனைதான். ஒரே மரம் இனிப்பும் தந்து, பாத்திரமும் தந்து, விளக்குமாகிறது. ஓலை வெட்டுவது அப்பா, மாவு இடிப்பது பெரியவர்கள், அடைத்துக் கட்டுவது பிள்ளைகள் என்று அந்த வீடுகளில் வேலை பிரிந்திருக்கும். அடுப்படியின் பாரம் ஒரே பெண்ணின் தலையில் விழாமல் போகும் பலகாரங்களில் அது ஒன்று. மற்றப் பலகாரங்களுக்கும் இந்தப் பிரிவினை வந்தால்தான் வீட்டுப் பலகாரம் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

இப்போது லேகியம் ஆண்டு முழுதும் சீசாவில் கிடைக்கிறது. அதிரசம் கடைக்கண்ணாடிக்குள் எல்லா மாதமும் அடுக்கியிருக்கிறது. வேலைக்குப் போய்த் திரும்பும் குடும்பங்கள் வாங்கிச் சாப்பிடுவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் எந்த மாதமும் கிடைப்பதாகிவிட்டால், எதற்காக இந்த மாதத்தில் இது என்ற கேள்வியே பிள்ளைகளுக்கு எழாது. ஆடியில் விதைத்தது புரட்டாசியில் சுண்டலாவதும், பங்குனியில் இறக்கியது கார்த்திகையில் கொழுக்கட்டையாவதும் அவர்களுக்குத் தெரியாமலே போகும்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பதம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் அடுப்படியில் நிற்கும்போதே ஆழாக்கு, உழக்கு அளவுகளைக் கிராமில் நிறுத்து எழுதிவையுங்கள். பாகைத் தண்ணீரில் விட்டதும், அது ஆறியபின் விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்லும் வேலையை மகளிடமும் மகனிடமும் கொடுங்கள்.